ஏகாம்பரம் அண்ணனுக்குப் பக்கத்தில் இருபத்தோரு நாள்

துக்க வீட்டில் சொல்லவே கூடாத வார்த்தை ஒன்று உண்டு. போன மாதம் அதை நான் சொல்லிவிட்டேன்.

முணுமுணுப்பாகச் சொல்லியிருந்தாலாவது தப்பித்திருக்கலாம். முப்பத்தைந்து வருடம் தபால் ஆபீஸ் கவுன்டரில் உட்கார்ந்து கத்திப் பழகிய தொண்டை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, எதிர் வீட்டுக்கும் கேட்கிற மாதிரி, "அப்போ நான் வர்றேண்ணா" என்றேன்.

சாவு விழுந்த வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. சத்தம் போடாமல் எழுந்து வந்துவிட வேண்டும். 'வர்றேன்' என்று சொன்னால் இன்னொரு தடவை இதே மாதிரி காரியத்துக்கு வருகிறேன் என்று சொன்னதாக அர்த்தம். இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் வாய்க்குத் தெரியவில்லையே...

என் மனைவி விமலா என் முழங்கைக்கு மேலே ஒரு கிள்ளு கிள்ளினாள். அந்தத் தடம் இரண்டு நாள் இருந்தது. நாட்றம்பள்ளியிலிருந்து வந்திருந்த ஓர் அத்தை எழுந்து வாசலுக்கு வந்து மூன்று தரம் துப்பினார். என் பக்கமாகத்தான் துப்பினார்.

அப்போதுதான் அது நடந்தது. மூலையில் பாயில் உட்கார்ந்திருந்த ஏகாம்பரம் அண்ணன் தலையைத் தூக்கினார். நாங்கள் போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது. அதுவரை அவர் தரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எப்போ?" என்றார்.

"இன்னாண்ணா?"

"வர்றேன்னீங்களே. எப்போ வர்றீங்க?"

நான் விமலாவைப் பார்த்தேன். அவள் மின்விசிறியைப் பார்த்தாள். "நாளைக்கு?" என்றேன். அது பதிலா கேள்வியா என்று எனக்கே தெரியவில்லை.

"ஆறு மணிக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி தலையைக் குனிந்துகொண்டார்.

ஏகாம்பரம் அண்ணன் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஆம்பூரில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடுகிற தொழிற்சாலையில், செலக்‌ஷன் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். செலக்‌ஷன் என்றால், முடிந்து வருகிற தோலை மேசைமேல் விரித்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது முதல் தரம், இது இரண்டாம் தரம், இது கழிவு என்று பிரிப்பது. உண்ணி கடித்த தழும்பு, முள் கீறிய கோடு, கழுத்துச் சுருக்கம்... எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க மாட்டார், ஷூவைப் பார்ப்பார்.

அவர் மனைவி கஸ்தூரி அண்ணி தூக்கத்திலேயே போய்விட்டார். எந்த நோயும் இல்லை. நாங்கள் அப்போது பெங்களூரில் மகன் வீட்டில் இருந்தோம். பதினாறாம் நாள் காரியமும் முடிந்த பிறகுதான் துக்கம் கேட்கப் போக முடிந்தது. போன இடத்தில் இந்த லட்சணம்.

கேட்டைத் தாண்டுவதற்குள் அவர் மகள் மாலதி ஓடிவந்து மடக்கினாள். ஓசூரில் ஒரு கம்பெனியில் எச்.ஆர். மேனேஜர். லீவு தீர்ந்துவிட்டது, மறுநாள் கிளம்ப வேண்டும்.

"அங்கிள், ரெண்டு வாரமா அப்பா வந்தவங்க யார்கிட்டயும் வாய தொறக்கல. இன்னிக்குத்தான் உங்ககிட்ட பேசினாரு. ஓசூருக்கு வந்துடுப்பான்னா வர மாட்டேங்கிறாரு. வீட்ட பூட்டுனா அம்மா எங்க போவான்னு கேக்கறாரு. இதுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

விமலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பாவும் மகளும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்திருந்தார்கள். இருபத்தோரு நாள் அவகாசம். அதற்குள் அவர் வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டும். அண்ணி தினமும் ஏற்றுகிற விளக்கை அவரே ஏற்ற வேண்டும். ஆபீஸ் நேரத்தில் பத்து தடவை மாலதிக்குப் போன் செய்யக் கூடாது. இது மூன்றும் நடந்தால் ஆம்பூரிலேயே இருக்கலாம். நடக்கவில்லை என்றால் வீட்டைப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு, அவரையும் அழைத்துக்கொண்டு போய்விடுவாள்.

இதற்கு நடுவில் டீச்சரம்மா ஒருவர் வருகிறார். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். வேலூரில் அவர் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமை நாமஜபக் கூட்டம் நடக்கும். கஸ்தூரி அண்ணி ஒரு வாரம் தவறாமல் பஸ் ஏறிப் போவார். காரியத்துக்கு வந்திருந்த டீச்சரம்மா, அண்ணனுக்கு ஒரு பயிற்சி எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். காலண்டர் தாளின் பின்பக்கத்தில், கணக்கு விடைத்தாள் மாதிரி தெளிவான கையெழுத்தில்.

சாயங்காலம் ஆறு மணி. அண்ணி விளக்கேற்றுகிற நேரம். சாமி அலமாரிக்கு முன்னால் உட்கார வேண்டும். மனதுக்குள் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். துக்கம் வரும். வந்தால் கதவைச் சாத்தக் கூடாது. இலை போட்டு விருந்தும் வைக்கக் கூடாது. கீழே விழுந்து அழுதுகொண்டு வருகிற குழந்தையைப் பார்க்கிற மாதிரி, திட்டாமல், வாயைப் பொத்தாமல், அன்பாகப் பார்க்க வேண்டும். நாமம் நிற்கக் கூடாது. அவ்வளவுதான்.

அவருக்குத் துணையாகப் பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டும். அந்த ஆளுக்குத்தான் நிறைய சட்டம். அட்வைஸ் பண்ணக் கூடாது. 'எல்லாம் சரியாயிடும்' சொல்லக் கூடாது. 'நம்ம கையில இன்னா இருக்குது' சொல்லக் கூடாது. தன் மாமா செத்த கதையைச் சொல்லக் கூடாது. கண்ணீர் வந்தால் துடைத்துவிடக் கூடாது. போனை நோண்டக் கூடாது. அவரும் முருகா என்று சொல்லிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும்.

தெருவில் எல்லோரையும் மாலதி கேட்டுப் பார்த்திருக்கிறாள். ஆறு மணிக்கு ஒருவருக்கு வாக்கிங், ஒருவருக்கு பி.பி. மாத்திரை, மீதி அத்தனை பேருக்கும் சீரியல். அந்த நேரம் பார்த்துத்தான் ஒருவன் வாசலில் நின்று 'வர்றேன்' என்று கத்தியிருக்கிறான்.

வாசகர்களே, என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். பதினோரு வருடமாக வாராவாரம் இந்தப் பக்கத்தில் அட்வைஸ் செய்தே காலம் தள்ளுகிறவன். சும்மா இருக்கச் சொல்லி என்னை ஒருவர் தேர்ந்தெடுக்கிறார் என்றால் முருகனுக்கு விளையாட்டுக் குணம் இன்னும் போகவில்லை என்றுதான் அர்த்தம்.

முதல் நாள். பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். என் முழங்கால் கதவு கீல் மாதிரி சத்தம் போட்டது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். நான் மூடவில்லை. கருணையோடு பார்ப்பது என்று முடிவு செய்திருந்தேன். கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, உதட்டில் லேசான புன்னகையோடு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். அவர் ஒற்றைக் கண்ணைத் திறந்தார்.

"இன்னா பாக்கறீங்க?"

"கருணையோட பாக்கறேண்ணா."

"கொஞ்சம் கம்மியா பாருங்க. பேஜாரா இருக்குது."

மூன்றாம் நாள் நான் தூங்கிவிட்டேன். குறட்டையும் விட்டிருக்கிறேன். எழுந்தபோது மணி ஏழு. அண்ணன் என் தலைக்குக் கீழே ஒரு தலையணை வைத்திருந்தார். தினமும் எப்படிப் போகிறது என்று எழுதச் சொல்லிவிட்டுத்தான் மாலதி ஓசூர் போயிருந்தாள். அன்றைக்கு அவளுக்கு வாட்ஸ்அப்பில், 'இன்று வீட்டில் நல்ல அமைதி நிலவியது' என்று அறிக்கை அனுப்பினேன். பொய் இல்லையே. 'நோட்டட் அங்கிள்' என்று பதில் வந்தது.

மாலதியின் நிபந்தனைகள் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். விளக்கு அப்படியே இருந்தது. அதில் அண்ணி கடைசியாகப் போட்ட திரி, பாதி எரிந்து கருகிய நிலையில் கிடந்தது. அவர் அதைப் பார்ப்பார், கண்ணை மூடிக்கொள்வார். சாப்பாடு என்றால் காலையில் பன், ராத்திரி பன். போன் விஷயம் இன்னும் மோசம். ரசப்பொடி எங்கே இருக்கிறது என்று கேட்க நடு மீட்டிங்கில் மாலதியைக் கூப்பிட்டிருக்கிறார். அவளுக்கு எப்படித் தெரியும்? வீடியோ காலில் டப்பா டப்பாவாகத் திறந்து காட்டியிருக்கிறார். ஓசூரில் எட்டு பேர் உட்கார்ந்து எங்கள் தெரு சீரகத்தைப் பார்த்திருக்கிறார்கள்.

ஐந்தாம் நாள்தான் வேறு ஒரு சிக்கல் ஆரம்பித்தது. கண்ணைத் திறந்த அண்ணன், சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்து ஏதோ குறித்தார்.

"இன்னாண்ணா இது?"

"இன்னிக்கு ஆறு வந்துச்சு. ரெண்டு பெரிசு, நாலு சின்னது. சின்னதுல மூணு நேத்து வந்த அதே சரக்கு. பெரிசுல ஒண்ணு பாத்தா துக்கமே இல்ல, எங்க மச்சான் மேல கோவம். அத தள்ளிட்டேன்."

துக்கத்தைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார் மனுஷன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் வேலூர் போனபோது நான் டீச்சரம்மாவிடம் போட்டுக் கொடுத்துவிட்டேன். சட்டத்தில் கோள் சொல்லக் கூடாது என்று இல்லை.

"சார், பிரிக்காதீங்க. சும்மா பாருங்க" என்றார் டீச்சரம்மா.

"சும்மா பாக்கறதுன்னா இன்னாம்மா? பாத்தாலே எந்த ரகம்னு தெரிஞ்சிடுதே. முப்பத்தெட்டு வருஷம் நான் எதையும் சும்மா பாத்ததில்ல. சும்மா பாத்தா சூப்பர்வைசர் திட்டுவான்."

"இங்க சூப்பர்வைசர் முருகன். அவரு திட்ட மாட்டாரு."

அண்ணன் விடவில்லை. "அப்போ கழிவு சரக்கையும் பாக்கணுமா?" என்றார்.

"அதத்தான் மொதல்ல பாக்கணும்" என்றார் டீச்சரம்மா.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் பல நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். அன்றைக்கு அவ்வளவு பேர் இருக்கும்போது என்னிடம் ஏன் 'எப்போ' என்று கேட்டார்?

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "பதினாறு நாளும் வீடு நிறைய ஜனம். தலைய தூக்கி பாத்தா ஒருத்தர் இருப்பாரு. மறுபடி தூக்கி பாத்தா இருக்க மாட்டாரு. சொல்லாம போறதுதான் மொறை, எனக்கும் தெரியும். கஸ்தூரியும் அப்படித்தான் சொல்லாம போய்ட்டா. நீங்க ஒருத்தர்தான் வர்றேன்னு சொன்னீங்க."

நாமெல்லாம் பதினாறு நாள் துக்கம் விசாரிப்பதில் கெட்டிக்காரர்கள். வடை போதுமா, தண்ணி கேன் வந்துதா, ஐயருக்குப் பை கொடுத்தாச்சா... பதினேழாம் நாள் அந்த வீட்டில் ஆறு மணி எப்படி அடிக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று விமலா கேட்டாள். அன்றைக்கு ராத்திரி சாப்பாடு போடும்போது கேட்டாள்.

"உங்க அக்கா போனப்போ நீங்க ஒரு நிமிஷம் உக்காந்தீங்களா?"

உட்காரவில்லை. அக்கா பேரணாம்பட்டில் இருந்தாள். அவள் போய் இரண்டு வருடம் ஆகிறது. அன்றைக்கு ஐஸ் பெட்டிக்கு அலைந்தது நான்தான். சாமியானா, நாற்காலி, டீ எல்லாம் நான்தான். நூறு நாற்காலி சொல்லி எண்பது கொண்டுவந்த ஆளோடு தெருமுனையில் நின்று சண்டை போட்டேன். வீட்டுக்கு வந்து தலை முழுகி, சாப்பிட்டு, அந்த நாற்காலிக்காரரைக் கிண்டல் செய்து இந்தப் பக்கத்தில் எழுதினேன். விழுந்து விழுந்து சிரித்தோம் என்று நீங்கள் கூடக் கடிதம் போட்டீர்கள். அழுதேனா? அழுகிறவனாக இருந்தால் நாற்காலியை யார் எண்ணுவது?

இன்னொரு கரண்டி ரசம் கேட்டேன்.

பன்னிரண்டாம் நாள். அன்றைக்கு அண்ணன் துண்டுத் தாளை எடுக்கவில்லை. கண்ணை மூடியபடியே பேசினார்.

"ஞாயித்துக்கெழம சாயங்காலம். மாடியில துணி காயுது, வா ரெண்டு பேரும் போய் எடுத்தாரலாம்னா. நான் டிவி பாத்துக்கினு இருந்தேன். நீயே போன்னேன். போனா. எடுத்துக்கினு வந்தா. மடிச்சா. ஒண்ணும் சொல்லல. செவ்வாக்கெழம காலைல எழுந்திருக்கல."

மறுபடி அவரே, "நீயே போ. அதுதான் வருது தெனமும். சின்னதுன்னு ஓரமா போட்டுக்கினே இருந்தேன். இது எந்த செலக்‌ஷன்னு தெரியல தம்பி" என்றார். அவர் கன்னத்தில் தண்ணீர் இறங்கியது.

என் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நாக்கின் நுனியில் ஒன்பது ஆறுதல் வரிசையில் நிற்கிறது. 'அதுல இன்னாண்ணா தப்பு', 'எல்லா வீட்லயும் நடக்கறதுதான்', 'அண்ணி அத நெனச்சே இருக்க மாட்டாங்க'... ஒன்று வெளியே வந்தாலும் சட்டம் போச்சு. பக்கத்தில் விமலா கொடுத்தனுப்பிய முறுக்கு டப்பா இருந்தது. வேறு வழி தெரியாமல் ஒரு முழு முறுக்கை எடுத்து வாயில் திணித்துக்கொண்டேன்.

திணித்த பிறகுதான் தெரிந்தது, அதை மென்றாக வேண்டும் என்று. கடக்.

அண்ணன் அழுதுகொண்டே கண்ணைத் திறந்தார். நான் இரண்டு கன்னமும் உப்பி, முறுக்கின் வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, மனதுக்குள் முருகா சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தார். அழுகை நிற்கவில்லை, சிரிப்பும் நிற்கவில்லை. இரண்டும் ஒரே முகத்தில் ஒன்றையொன்று தள்ளாமல் இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"மென்னுங்க. அடைச்சிக்கப் போவுது" என்றார்.

அதற்கப்புறம் அவர் கொஞ்சம் மாறினார். மறுநாள் உப்புமா செய்திருந்தார். கரண்டியை நிறுத்தினால் நின்றது, அந்த மாதிரி உப்புமா. ஆனாலும் சாப்பிட்டார். எனக்கும் வைத்தார், கருணையோடு சாப்பிட்டேன். மாலதிக்குப் போகிற போனும் ஒரு நாளைக்கு இரண்டாகக் குறைந்தது. துண்டுத் தாள் காணாமல் போனது.

விளக்கு மட்டும் ஏறவில்லை. பதினெட்டாம் நாள் தீப்பெட்டியைக் கையில் எடுத்தார். ஒரு குச்சியை உரசினார். அது விரல் வரைக்கும் எரிந்து அணைந்தது. பெட்டியை வைத்துவிட்டார்.

"அது அவ வேல தம்பி. நான் ஏத்திட்டா, அவளுக்கு இங்க வேல இல்லன்னு ஆயிடும்."

இதை மாலதிக்கு எப்படி அறிக்கை எழுதுவது? நான் எழுதவில்லை. 'உப்புமா முன்னேற்றம்' என்று மட்டும் அனுப்பினேன். 'நோட்டட் அங்கிள். சண்டே ஈவினிங் வர்றேன். நீங்களே நேர்ல சொல்லுங்க' என்று வந்தது. அதற்கு மேல் எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. ஏகாம்பரம் அண்ணன் வீட்டுச் சாவி யார் கையில் இருக்க வேண்டும் என்று நான் சொல்ல வேண்டுமாம். நான் யார்? முறுக்கு தின்றவன்.

இருபத்தோராம் நாள், ஞாயிற்றுக்கிழமை. இந்தப் பத்தி வெளிவருகிற கிழமை. ஐந்தரைக்கே போய்விட்டேன். அண்ணன் பேப்பரை மடியில் விரித்து வைத்துக்கொண்டிருந்தார். தோல் பார்க்கிற மாதிரியே, வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்திருந்தார்.

"இந்த வாரம் சரியில்ல தம்பி."

"எதுண்ணா?"

"நீங்க எழுதினது. ஆரம்பத்துல ஒரே கழுத்துச் சுருக்கம், விஷயத்துக்கே வரல. நடுவுல நல்லா இருக்குது. கடைசில ஜனங்கள அழ வெக்கணும்னு இழுத்திருக்கீங்க. அங்க தெரியுது கீறல். ரெண்டாம் செலக்‌ஷன்."

நான் சிரித்தேன். நன்றாகச் சத்தமாகச் சிரிக்கத்தான் ஆரம்பித்தேன். பாதியில் அது வேறு எதுவாகவோ ஆகிவிட்டது.

ஒவ்வொரு ஞாயிறும் பேப்பர் வந்த அரை மணியில் அக்கா போன் செய்வாள். ஹலோ எல்லாம் கிடையாது. "மூணாவது பாராவுல பொய் சொல்ற." "நம்ம அப்பாவ பத்தி எழுத உனக்கு யாரு பர்மிஷன் குடுத்தா?" "சிரிப்பு வரல, காசு வாங்கறியா இல்லியா இதுக்கு?" ஒன்பது வருடம் ஒரு வாரம் விடாமல் திட்டினாள். அவள் போன பிறகு என் எழுத்தை யாரும் திட்டவே இல்லை. எல்லோரும் அருமை, அற்புதம், நெகிழ்ந்தோம் என்கிறீர்கள். நீங்கள் நல்லவர்கள். ஆனால் இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்ச் சும்மா நிற்கிறேன். விமலாவுக்குக்கூட ஏன் என்று சொன்னதில்லை.

அழுதேன். அறுபத்திரண்டு வயதில், அடுத்தவர் வீட்டுப் பாயில், மூக்கு ஒழுக அழுதேன். துணைக்கு வந்தவன் அழலாமா என்று டீச்சரம்மாவின் காலண்டர் தாளில் போட்டிருக்கவில்லை.

ஏகாம்பரம் அண்ணன் எதுவும் கேட்கவில்லை. யாரு, இன்னா என்று ஒரு வார்த்தை இல்லை. தோளில் தட்டவில்லை, துண்டு கொடுக்கவில்லை. பேப்பரை மடித்து ஓரமாக வைத்தார். என் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார். முருகா, முருகா என்று உதடு மட்டும் அசைந்தது. நான் நிமிர்ந்தபோதெல்லாம் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தெட்டு வருடம் குற்றம் கண்டுபிடித்த கண். அதில் அன்றைக்கு எந்தத் தேடலும் இல்லை. நான் முதல் நாள் கழுத்தைச் சாய்த்து முயற்சி செய்தேனே, அது இப்படி இருக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது.

நேரம் போனது தெரியவில்லை. அறை இருட்டிக்கொண்டு வந்தது.

"இருட்டாயிடுச்சு. நீங்க அழுங்க, நான் வர்றேன்" என்று எழுந்தார். அலமாரிப் பக்கம் ஏதோ சத்தம். எண்ணெய் ஊற்றுகிற சத்தம். குச்சி உரசுகிற சத்தம். திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அதை அவர் கவனித்தாரா என்றே எனக்குச் சந்தேகம். மனைவிக்கு வேலை இல்லாமல் போகுமோ என்று அவர் அப்போது யோசிக்கவில்லை. ஒருத்தன் இருட்டில் அழுதுகொண்டிருக்கிறான், வெளிச்சம் வேண்டும், அவ்வளவுதான். டீச்சரம்மாவுக்கு இந்த வழிக் கணக்கு தெரிந்திருக்குமா? தெரிந்திருக்கும் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

மாலதி எப்போது வந்தாள் என்று நாங்கள் இருவரும் பார்க்கவில்லை. கதவு திறந்தே இருந்தது. தோளில் ஓசூர் பையோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். எரிகிற விளக்கைப் பார்த்தாள். அசையாமல் உட்கார்ந்திருக்கிற அப்பாவைப் பார்த்தாள். அவருக்கு எதிரே கண்ணும் மூக்கும் சிவந்து விக்கிக்கொண்டிருக்கிற, அவள் நியமித்த மேற்பார்வையாளனைப் பார்த்தாள்.

சமையலறைக்குப் போனாள். மூன்று டம்ளர் டீயோடு திரும்பி வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணும் நிறைந்துவிட்டது. அண்ணன் இப்போது எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்க்க வேண்டியதாகிவிட்டது. பார்த்தார். நாமம் நிற்கவில்லை.

டீ முடிந்ததும் மாலதி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் தொண்டையைச் செருமி, இருபத்தோரு நாள் அறிக்கையைச் சொல்லத் தயாரானேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அப்பா இங்கயே இருக்கட்டும் அங்கிள்" என்றாள். "நீங்க வேணா என்கூட ஓசூருக்கு வர்றீங்களா?"

விமலாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.